வேறு குரல்

மின்விசிறியை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளேதான் நிறுத்தினாள், அதன் கரகரப்பு மைக்கில் ஏறிவிடக் கூடாதென்று. இப்போது வியர்வை பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கிப் பாவாடை நாடாவில் வந்து தேங்குகிறது, துடைக்கக் கையை எடுக்கலாமா, எடுத்தால் திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் தெரிகிற முகம் அசையும், அசைந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று, ஆளா இயந்திரமா என்றுகூடத் தெரியாத ஒன்று, குறித்துக்கொள்ளும். ஆவுடைச்செல்வி, வயது முப்பத்துநான்கு, பி.ஏ. வரலாறு, சமாதானபுரம், பாளையங்கோட்டை. தேர்வு தொடங்குமுன் அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டியபோது அட்டையில் இருந்த பெண்தான் தான் என்றும் சதுரத்துக்குள் இருப்பது தன் அத்தை யாரோ என்றும் அவளுக்குத் தோன்றியது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், பீரோ, கொடியில் கிடக்கிற அப்பாவின் நாலு முழ வேட்டி, சாத்திய கதவு. எழுந்திருக்கக் கூடாது. வேறு ஆள் வரக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. போன தடவை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் முடித்துவிட்டாள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் சத்தம் வந்தது, திரையில் சிவப்பாக ஒரு பட்டை, வேறு குரல் கேட்கிறது என்று, அப்புறம் இன்னொரு முறை, அப்புறம் எல்லாம் வெளுத்துப்போய் ஒரே வரி, உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது. யாரிடம் போய்ச் சொல்வது. அது வேறு ஆள் இல்லை, எனக்கு விடை சொல்லித்தரவில்லை, அவருக்கு ஒரு வார்த்தைக்குமேல் வராது என்று எந்த ஊர்க்காரனிடம் எந்த பாஷையில் எழுதுவது. எழுதினாள்தான். வருந்துகிறோம் என்று பதில் வந்தது, பல மாதம் கழித்து மறுபடி எழுதலாம் என்று. அந்தப் பல மாதம் போய்த்தான் இன்றைக்கு வந்திருக்கிறது. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் எடுப்பது இந்த வாரத்தோடு முடிகிறது, சான்றிதழ் இருந்தால்தான் பேசவே கூப்பிடுவார்கள். கேள்வியைப் படி. கேள்வியைப் படி ஆவுடை.

எக்ஸ் ஒன்றிலிருந்து ஆறு வரை போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸைக் கூட்டுத்தொகையோடு சேர். எக்ஸ் மூன்றால் வகுபட்டால் சேர்க்காமல் அந்தச் சுற்றைத் தாண்டிப் போ. கடைசியில் கூட்டுத்தொகை என்ன. இது லேசு. ஒன்று. ஒன்றும் இரண்டும் மூன்று. மூன்றாம் சுற்று கிடையாது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம், புஷ்பத்தக்காதான், அடுத்த வீட்டு மரியபுஷ்பம், காலையிலேயே பூண்டு உரிக்கிற முறத்தோடு வந்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், "நீ போய் எழுது புள்ள, நான் பாத்துக்கிடுதேன், அவரு வாயத் தொறந்தா நான் ஒரு வாய் காப்பியப் புகட்டி அடக்கிருதேன்" என்று. நல்ல மனசு. மூன்று. மூன்றில்தானே இருந்தேன், கூட்டுத்தொகை மூன்றா, எக்ஸ் மூன்றா, இரண்டும் மூன்று என்று வருகிற இடத்தில் எப்போதும் குழம்பும். மறுபடி முதலிலிருந்து. ஒன்று, மூன்று, தாண்டு, ஏழு, பன்னிரண்டு, தாண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு இருக்கிறது, இரண்டாவது விடை. பாட வீடியோவில் வருகிற தாடிக்கார வாத்தியார் முதல் வாரத்திலேயே சொன்னார், அவர் எந்த நாடோ, பனி பெய்கிற ஊர், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரியும், மனசில் போடாதீர்கள், ஒவ்வொரு சுற்றாகத் தாளில் போடுங்கள் என்றார். இங்கே தாளும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து, போனில் அர்த்தம் பார்த்து, மறுபடி ஓடவிட்டு, அவருக்குச் சில நிமிஷமாக இருப்பது அவளுக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிடும். நடுவில் கஞ்சி, நடுவில் துணி மாற்றுவது, நடுவில் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போடுவது. திரும்பி வந்தால் வாத்தியார் கையைத் தூக்கினபடி, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே காத்துக்கொண்டிருப்பார். அவளுக்காக அப்படிக் காத்திருந்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அதை நினைத்து ஒருநாள் சிரித்தாள், சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எப்படி இதில் வந்து விழுந்தாள் என்று அண்ணன் கேட்டான். நெல்லையப்பன், பெங்களூரில் பெரிய கம்பெனி, இதே படிப்பை நாலு வருஷம் கல்லூரியில் உட்கார்ந்து படித்தவன். "உனக்கு எதுக்குட்டி இதெல்லாம், அங்க இஞ்சினியரிங் முடிச்ச சின்னப் பிள்ளைகளே வேலையில்லாம அலையுது" என்றான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவன் பழைய மடிக்கணினியைக் கொடுத்ததும் அவன்தான், இரண்டு பட்டன் இல்லாதது. அவள் நர்சரிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா விழுந்த பிறகு அதை விட்டாள். அண்ணனால் வர முடியாது, அண்ணிக்கு ஆகாது, அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே அவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி அப்பா அவளிடம் வந்து தேங்கிவிட்டார். வீட்டிலிருந்தே வேலை என்று போனில் தேடினாள், முதலில் ஏமாற்றுக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் கணினிக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிற இந்த இலவசப் பாடம் வந்தது, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று. யார் வேண்டுமானாலும் என்றால் நானுமா. முதல் நிரல், தன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லி நாலே வரி, மூன்று முறை தப்பென்று சொன்னது. எந்த வரியில் தப்பென்றும் சொன்னது. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ தப்புக் கண்டிருக்கிறார்கள், எந்த வரி என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு அரைப்புள்ளி விட்டிருந்தாள். அதைப் போட்டதும் ஆவுடைச்செல்வி என்று வந்தது. அப்பாவிடம் ஓடிப்போய் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள், அப்பா இங்க பாருங்க, நான் சொன்னதைச் செய்யுது. அப்பா பார்த்தார். ரைட் என்றார்.

ரைட். அந்த ஒரு சொல்தான் அவருக்கு மிஞ்சியது. கண்டக்டர் உலகநாதன், தென்காசி வண்டியில் பாதி ஆயுசு, ஓய்வுபெற்ற மறுவருஷம் குளியலறையில் விழுந்தார், வலது கையும் காலும் போயிற்று, பேச்சு போயிற்று, ஆஸ்பத்திரியில் கண் விழித்து முதன்முதலாக வாயைத் திறந்தபோது ரைட் என்றார், அண்ணன் சிரித்துவிட்டான், சிரித்தவன் அப்படியே வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். பசித்தால் ரைட். ஒன்றுக்கு வந்தால் ரைட் ரைட் ரைட். வலித்தால் இழுத்து ஒரு ரைட். அவளுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் பாதி நாள் தப்பிப்போகும். சின்ன டாக்டர் ஒருவர், முகத்தில் பரு கூடப் போகாதவர், சொன்னார், "நாம பேசுறது அவருக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் சேராமலும் இருக்கலாம். ஆனாலும் பேசிக்கிட்டே இருங்க." பேசினாள். ஆறு மாதம் இருக்குமா, பேப்பரைப் படித்துக் காட்டினாள், இன்றைக்கு என்ன குழம்பு என்றாள், வானம் மூட்டமாயிருக்கு என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே ரைட். கையைத் தூக்குங்க என்றால் சில நாள் தூக்குவார், சில நாள் கூரையைப் பார்ப்பார். கிணற்றில் கல்லைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம், தண்ணீர்ச் சத்தம் வரவில்லை, எத்தனை கல்தான் போடுவது. பேச்சு மெள்ள வற்றிவிட்டது.

அடுத்த கேள்வி. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு எண்ணைத் தேட வேண்டும், நடுவில் பார், அதைவிடச் சின்னதா பெரியதா, பாதியைத் தள்ளு, மிச்சத்தில் நடுவில் பார். இது தெரியும், இது கைவந்த பாடம். அப்பா ஒருநாள் இழுத்து இழுத்து ரைட் என்று கத்தினார், எங்கே வலிக்கிறதென்று தெரியவில்லை, தொட்ட இடமெல்லாம் கத்துகிறார். முந்தின நாள்தான் அந்தப் பாடத்தைப் பார்த்திருந்தாள். இடுப்பில் கையை வைத்தாள், மேலே அழுத்தினாள், முகம் மாறவில்லை. ஆக, மேல்பாதி கிடையாது. கீழே, இடது கால், மாறவில்லை. வலது கால், தொடை, இல்லை, முழங்காலுக்குக் கீழே, ஆடுசதை இல்லை, பாதம். பாதத்தில் குதிகால். கட்டிலின் கம்பியில் உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. மருந்து போட்டபடியே அவளுக்குள் வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று எழுந்தது, பாடம் புரிந்துவிட்டது என்று. மனுஷிதானா நான். விடையைத் தொட்டாயா, தொட்டாச்சு. அடுத்தது.

தெருவில் ஹாரன். நீளமாக, இரண்டு தரம். ஐயோ, தண்ணி லாரி. இன்றைக்கா. நேற்று வர வேண்டியது வரவில்லை, ஆகவே இன்றைக்கு. தெரு முழுக்கக் குடங்களின் சத்தம், பிளாஸ்டிக் குடம் தரையில் இழுபடுகிற சத்தம், யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி ஏசுகிறார்கள். புஷ்பத்தக்கா வீட்டில் நேற்றே சொட்டுத் தண்ணீர் கிடையாது, அவள் போகத்தான் வேண்டும், போகாமலிருந்தால் நாலு பேருக்கு எப்படிச் சமைப்பாள். போகாதே அக்கா. முறத்தைக் கீழே வைக்கிற சத்தம். "இந்தா வந்துருதேன் அண்ணாச்சி, ரெண்டே குடம், சத்தங்காட்டாம இரியும்" என்று மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கேட்டது, செருப்பு சரக் சரக்கென்று வாசலைத் தாண்டியது. திரையில் சிவப்புப் பட்டை வந்துவிட்டது. வேறு குரல் கேட்கிறது. தயவுசெய்து தனியாக இருப்பதை உறுதிசெய்யவும். தனியாகத்தான் இருக்கிறேன், எத்தனை காலமாகத் தனியாகத்தான் இருக்கிறேன், இன்னும் எப்படி உறுதிசெய்வது. கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆட்டியது சரியா என்று தெரியவில்லை. பட்டை மறைந்தது. ஒன்று போயிற்று. இனி ஒன்று வந்தால் அவ்வளவுதான், போன தடவையும் இரண்டாவதில்தான் வெளுத்தது.

காலையில் அவரிடம் சொன்னாள். சொன்னாளா, கத்தினாள். முகம் துடைத்துவிட்டு, இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிவிட்டு, ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, கதவிடமோ சுவரிடமோ சொல்கிற மாதிரி, "அப்பா, இன்னிக்கும் நீங்க சத்தம் போட்டா எனக்கு எல்லாம் போச்சு. போன தடவ உங்களாலதான் போச்சு. மத்தியானம் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா நான் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலயே கிடந்து செத்துப்போவேன்" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லி ஒன்று போயிற்று, அதைப் பார்த்தார். அவளுக்கே சிரிப்பு வந்தது, யாரிடம் போய் என்ன பேசுகிறோம். இவர் ஒரு சத்தம் போட்டால் அந்தக் காலத்தில் தென்காசி வண்டியின் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கும். பள்ளி விடுமுறையில் அவளையும் அண்ணனையும் கூட்டிப்போவார், அவளை இன்ஜின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அண்ணனிடம் மட்டும் டிக்கெட் கட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்வார். அவளும் கையை நீட்டினாள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார், அதனால்தான் இன்னும் கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் அவள் அண்ணனைவிட அதிகம். அண்ணனுக்கு இஞ்சினியரிங், அவளுக்கு வரலாறு, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி. கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. இப்போது சண்டை போட நேரமும் இருக்கிறது, ஆளும் கட்டிலைவிட்டு நகராமல் கிடக்கிறார், சண்டையில் சுவைதான் இல்லை.

ரை…

வந்துவிட்டது. அவள் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. ரைட்டில் பாதி, ட் வரவில்லை, யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றுவிட்டது. திரையைப் பார்த்தாள். பட்டை வரவில்லை. மைக்குக்குக் கேட்கவில்லை போல. அது எந்த ரைட், பசியா, இல்லை, இட்லி தின்று கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஒன்றுக்காக இருக்கும். ஒன்றுக்கு என்றால் வரிசையாக வருமே, ரைட் ரைட் ரைட் என்று விசில் ஊதின மாதிரி. வரட்டும் பார்க்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், இரண்டாவது வரும், இதோ வரும், இப்போது வரும். வரவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. அவர் இடது பக்கம்தான் அசைய முடியும், இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எம்புவார், அந்தச் சத்தம்தான். எதற்கு எம்புகிறார். கேள்வி. கடைசிக் கேள்வி. மேலே நேரம் குறைந்துகொண்டே வருகிறது, இதற்குத்தான் மதிப்பெண் அதிகம், இதை விட்டால் தேறாது, கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, தேறாது. ஒரு ஃபங்ஷன். அதற்கு ஒரு எண்ணைக் கொடுக்கிறோம். எண் பூஜ்யமானால் நின்றுவிடு. இல்லாவிட்டால் எண்ணில் இரண்டைக் கழித்துத் தன்னையே மறுபடி கூப்பிடு. ஏழைக் கொடுத்தால் என்ன நடக்கும். ஏழு பூஜ்யமில்லை, ஐந்தோடு தன்னைக் கூப்பிடுகிறது, ஐந்து பூஜ்யமில்லை, மூன்றோடு

விழுந்தது.

கனமாக. தம்ளர் இல்லை. தம்ளர் விழுந்தால் உருளும், உருண்டு கட்டில் காலில் முட்டி நிற்கும். இது உருளவில்லை. தலையணையா, தலையணை இப்படி விழாது. புஷ்பத்தக்காவின் முறம், இல்லை, முறம் காற்றில் பறக்கிற சாமான். அரிசி மூட்டை விழுந்த மாதிரி, முதலில் மெத்தென்று, அதன் கூடவே எலும்பு தரையில் பட்ட மாதிரி ஒரு டக். அப்பா விழுந்துவிட்டார். இல்லை. விழுந்தால் கத்துவார், நீளமாக, தெருவே கேட்கிற மாதிரி, நகம் வெட்டும்போது கொஞ்சம் சதையில் பட்டாலே கத்துகிறவர். கத்தவில்லை, ஆகையால் விழவில்லை. கத்தவில்லை, ஆகையால். கத்த முடியாத மாதிரி விழுந்திருந்தால். எழுந்திரு. எழுந்தால் முகம் சதுரத்தைவிட்டுப் போகும், வெளுத்துவிடும், மறுபடி பல மாதம், கோயம்புத்தூர் போச்சு, இந்த அறை, இந்தக் கதவு, பவுடர், கஞ்சி, ரைட். எழுந்திரு ஆவுடை. ஏழு, ஐந்து, மூன்று. விழுந்த ஆளைத் தூக்குவதற்கு எப்படியும் புஷ்பத்தக்கா வர வேண்டும், அவள் ஒருத்தியால் தூக்க முடியாது, ஆகவே இப்போது போனாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பொய். அதுவும் உண்மைதான், ஆனாலும் பொய். மூன்று பூஜ்யமில்லை, ஒன்றோடு. செத்துப்போயிருந்தால். அந்த நினைப்பு வந்தது, வந்து நின்றது, அதற்குப் பின்னாலேயே நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாத இன்னொன்று, காற்று மாதிரி, நெஞ்சுக்கூட்டுக்குள் லேசாக ஒரு காலி இடம். ஐயோ. அதை அவள் பார்க்கவில்லை, பார்க்காமல் தாண்டினாள். ஒன்று பூஜ்யமில்லை. மைனஸ் ஒன்று. மைனஸ் மூன்று. பூஜ்யத்தின் மேல் காலே வைக்காமல் தாண்டிப் போய்விடுகிறது, ஏழு ஒற்றைப்படை, இரண்டிரண்டாய்க் கழித்தால் பூஜ்யம் வரவே வராது. நிற்காது. கூப்பிட்டுக்கொண்டே போகும், இடம் நிரம்பி எல்லாம் விழுகிறவரைக்கும். நிற்காது என்ற விடை எங்கே, நான்காவது, அதைத் தொட்டாள், அவசரத்தில் மூன்றாவதில் பட்டது, மறுபடி நான்காவதைத் தொட்டாள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட. கதவு அவ்வளவு கனமான கதவா என்ன. சமர்ப்பிக்கவும். உறுதியாகவா. உறுதியாக.

சக்கரம் சுற்றியது. அவள் அப்போது எழுந்திருக்கலாம். தேர்வு முடிந்துவிட்டது, கேமராவின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது, எழுந்திருக்கலாம். சக்கரம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். நின்றது. தேர்ச்சி பெற்றீர்கள் என்று வந்தது, வாழ்த்துகள் என்று வந்தது, கீழே மதிப்பெண் வந்தது, அதை ஒரு தரம் வாசித்து, சரியாகத்தான் வாசித்தோமா என்று இன்னொரு தரமும் வாசித்தாள். பிறகுதான் நாற்காலி பின்னால் போயிற்று. கால் மரத்திருந்தது.

அப்பா கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், செத்த வலதுபக்கம் அடியில் மடங்கிக் கிடக்க, தரையில் கிடந்தார். வேட்டி நனைந்து, தரையும் நனைந்திருந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் மூக்கின் ஓரமாக இறங்கியிருந்தது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது, நன்றாகத் திறந்திருந்தது. வாயில் துண்டு. ஜன்னல் கம்பியில் எப்போதும் தொங்குகிற அவருடைய ஈரிழைத் துண்டு, அதை எட்டி எடுக்கப் போய்த்தான் விழுந்திருக்க வேண்டும். விழுந்த பிறகும் விடாமல் இடது கையால் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தார், கடைவாய் கிழிகிற அளவுக்கு. மூச்சு மூக்கு வழியாகப் புஸ் புஸ்ஸென்று வந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வழிந்து துண்டு நனைந்திருந்தது.

"அப்பா, விடுங்கப்பா, மூச்சு முட்டும், விடுங்க." துண்டை இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்திருந்தார். "அப்பா, நான்தான், ஆவுடை, வாயத் தொறங்க." தாடையைப் பிடித்து அமுக்கினாள், கன்னத்தில் விரலைக் கொடுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே, திறந்து கிடந்த கதவைத் தாண்டி, அந்த அறையை, மேசையை, மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதற்கென்று தெரியாமலே, மெதுவாகச் சொன்னாள், "பரீட்ச முடிஞ்சிட்டுப்பா."

பல் விட்டது. துண்டு அவள் கையோடு வந்தது. அவர் வாயைத் திறந்து, இத்தனை நேரம் உள்ளே வைத்திருந்த சத்தத்தையெல்லாம் சேர்த்து ஒரு மூச்சு விட்டார். சொல் இல்லை, மூச்சு மட்டும்.

அவள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ரத்தத்தைத் துடைக்க வேண்டும், தூக்க வேண்டும், ஆட்டோ கூப்பிட வேண்டும். அது எல்லாம் தெரிந்தது. துண்டு இன்னும் கையில் இருந்தது. காலையில் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது. காலையில் சொன்னது சேர்ந்தால் நேற்றுச் சொன்னது. இந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, போனை இவருடைய போர்வை மேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டு, அண்ணனும் அவளும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை. ஆள் எங்கேண்ணே இருக்காரு, கூடுதான் இருக்கு. எதாச்சும் ஒரு ஹோம்ல விட்டுருவமாட்டி, இது அவன். எந்த ஹோம்ல எடுப்பான், பேளுறதுகூடச் சொல்லத் தெரியாத ஆள. அண்ணன் ஒருதரம் சிரித்தானே, இவரும் ரைட் கொடுக்காரு, வண்டிதான் கெளம்ப மாட்டேங்கு என்று, அவளும் சிரித்தாள், குனிந்து இவர் நகத்தை வெட்டிக்கொண்டே சிரித்தாள். காய்ச்சல் வந்து கிடந்தபோது ஒரு நாள் மாத்திரையை உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, அப்புறம் கொடுத்தாள், அப்போது வாய்விட்டு என்ன சொன்னாள். சொன்னாள். இவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்போதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் கூரையைப் பார்த்தது அதற்கா. பதில் சொல்ல முடியாத ஆள் வேறு எங்கே பார்ப்பான்.

"அப்பா," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "எல்லாம் விளங்குதாப்பா? மொதல்ல இருந்தே விளங்குச்சா?"

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். ரைட் என்று சொல்லவில்லை. நல்ல பக்கத்துக் கழுத்தை மெள்ளத் திருப்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். புருவத்து ரத்தம் இப்போது திசைமாறிக் காதுப் பக்கம் ஒரு கோடாக இறங்கியது.

வாசலில் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம். "வந்துட்டேன் புள்ள, ஒரே அடிபுடி, முடிச்சிட்டியா?" என்று கேட்டபடியே புஷ்பத்தக்கா உள்ளே வந்தாள், சேலையெல்லாம் தண்ணீர், வந்தவள் அப்படியே நின்றாள், மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டாள், ஓடிவந்து தலைமாட்டில் குந்தினாள். "எப்படிட்டி விழுந்தாரு? சும்மா மரம்மாரி கெடந்த மனுஷன். நல்லவேள, இதுக்கு வலியும் தெரியாது, ஒண்ணும் வெளங்காது, இல்லன்னா என்ன பாடு" என்று எப்போதும் பேசுகிற அதே உரத்த குரலில், அவர் முகத்துக்கு மேலேயே குனிந்து சொல்லிக்கொண்டு, கால் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஆவுடை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். "அப்பா இருக்காவ."